டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்த மேட்ச்

கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பை ஃபுட்பாலில் இந்தியா மூன்று மேட்ச் ஆடி, மூன்றிலும் தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல் ஊர் வந்து சேர்ந்ததற்குக் காரணம் நான்தான் என்று ராயபுரத்தில் ஒரு சந்தே நம்பியது. கோச் சரியில்லை, பயிற்சி போதாது என்று பேப்பரில் பெரிய பெரிய ஆட்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர்களுக்கு எங்கள் சந்துக்கு வழி தெரியாது. தெரிந்திருந்தால் நேராக என் வீட்டுக்கு வந்து என்னையே பேட்டி எடுத்திருப்பார்கள்.

டிவி என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கி அதில் ஒரு உலகக் கோப்பையாவது பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பார்க்காமலே போய்விட்டார். அடுத்த உலகக் கோப்பை வந்தபோது நான் வாங்கினேன். ஹாலில் மாட்டினேன். எதிர்ச் சுவரில் மாலை போட்ட அவர் படத்தை, டிவி நன்றாகத் தெரிகிற மாதிரி, கொஞ்சம் தள்ளி மாட்டினேன். ஆஃப்சைடு என்றால் என்ன என்று அந்த ஹாலில் ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவர்கள் ரெண்டே பேர். ஒருத்தர் அந்தப் படத்தில் இருந்தார். இன்னொருத்தி நான். கான்வென்ட்டில் படித்தபோது பள்ளிக்கூட டீமில் ரைட் பேக், அதாவது வலது பக்கத்தில் எதிராளியை மறிக்கிற இடம், ஆடியவள்.

அந்த உலகக் கோப்பைக்குச் சந்து முழுக்க என் ஹாலில்தான் கிடந்தது. பாதிப் பேர் அர்ஜென்டினா, பாதிப் பேர் பிரேசில். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து ஒரு மேட்ச் விடாமல் பார்த்தேன். அர்ஜென்டினா கப் அடித்தது. அன்றைக்கு ஒருத்தனாவது 'எல்லாம் அக்கா ராசி' என்று சொன்னானா? இல்லை. கப் ஜெயித்தால் ஆடினவன் ஜெயித்தான். தோற்றால் மட்டும் அக்கா.

எங்கள் சந்தில் ராசி என்பது விளையாட்டு விஷயம் இல்லை, சட்டம். சட்டத்தைப் போட்டவன் என் கொழுந்தன். கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன், பெண்டாட்டி பெண்ணோடு என் வீட்டு மாடியில் இருக்கிறான். மேட்ச் என்றால் அவன் நீல நிற பிளாஸ்டிக் சேரில்தான் உட்காருவான். முனைக்கடைக்காரர் வாசற்படியில் ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே வைத்துத்தான் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன் எப்போதோ பாத்ரூம் போயிருந்த சமயத்தில் கோல் விழுந்துவிட்டது. அதிலிருந்து டீம் திணறினால் அவனைப் பாத்ரூமுக்கு அனுப்பிவிடுவார்கள். வருகிறதோ இல்லையோ, அவன் போய் நின்றுவிட்டு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் மூடநம்பிக்கையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தபோது கோயிலிலேயே சத்தமாக ஆமென் சொன்னவன் என் கொழுந்தன்தான்.

முதல் மேட்ச் ஆஸ்திரேலியாவோடு. போகிக்கு முந்தின நாள் சாயங்காலம். இந்தியா என்பதால் அர்ஜென்டினாக்காரனும் பிரேசில்காரனும் சண்டை போடாமல் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள், அதுவே ஒரு அதிசயம். நான் கிச்சனில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தேன். முதல் பாதி முடிகிறவரைக்கும் கோல் இல்லை. ஆஸ்திரேலியாவை நம் பையன்கள் அப்படி மறித்துவிட்டார்கள். ஹாலில் ஆட்டமும் பாட்டமும்தான். நான் அடுப்பை அணைத்து, தட்டை எடுத்துக்கொண்டு வந்து, என் இடத்தில் உட்கார்ந்தேன். ரெண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கோல்.

ஹாலில் இருந்த எல்லாத் தலையும் டிவியிலிருந்து என் பக்கம் திரும்பியது.

"அண்ணி, இம்மா நேரம் நீ எங்க இருந்த?" என்றான் கொழுந்தன்.

"கிச்சன்ல."

"அங்கியே இருந்துருக்கலாம்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரெண்டாவது கோல் விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. நெத்திலியை மட்டும் மீதி வைக்காமல் தின்றுவிட்டுப் போனார்கள்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். மறுநாள் காலையில் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவளுக்கு ஃபுட்பாலில் பந்து உருண்டையாக இருக்கும் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. வந்தவள் நேராகப் பேசாமல், என் கிச்சன் மேடையை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே நின்றாள். ஏற்கெனவே துடைத்திருந்த மேடை.

அவள் பெண்ணுக்கு அந்த மாசக் கடைசியில் நிச்சயதார்த்தம். எனக்குப் பிள்ளை இல்லை. ஓரகத்தி வேலைக்குப் போன காலத்தில் அந்தப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். "பெரிம்மா, பெரிம்மா" என்று அது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகியது. எங்கள் குடும்பத்தில் நிச்சயத்துக்கு முதல் தட்டை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைவது மூத்த மருமகள். புடவையும் பூவும் தேங்காயும் வைத்த தட்டு. மற்றப் பெண்கள் பின்னால் வருவார்கள். மூத்த மருமகள் நான்.

"தப்பா நெனச்சிக்காதக்கா," என்றாள். "மாப்ள வூட்டுக்காரங்க தெக்கத்திக்காரங்க. அரிசி மண்டி வெச்சிகீறாங்க. அவங்க அம்மா சகுனம்லாம் பாப்பாங்களாம். நேத்து மேட்சு பாத்துட்டு இவரு மேல வந்து ஒரே பொலம்பலு, அண்ணி வந்து குந்துச்சு, கோலு வுழுந்துச்சுன்னு. அத கேட்டதுலேந்து ராத்திரி பூரா எனக்கு தூக்கமே இல்ல."

"அதுக்கு?"

"மொத தட்ட எங்க அக்காகிட்ட குடுத்துரலாமான்னு..."

நான் கரண்டியை எடுத்துத் தொட்டியில் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை வராது, பாத்திரம்தான் சத்தம் போடும். அவள் அவசரமாக, "இன்னும் எதுவும் முடிவு பண்லக்கா. இன்னும் ரெண்டு மேட்சு கீதாமே. அது முடியட்டும், அப்பால பாத்துக்கலாம்னு இவரு சொல்றாரு," என்றாள்.

புருஷன் இல்லாதவள் என்று யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். மேட்ச் தோற்றதைச் சொல்வார்கள். அவர்களுக்கு அது வசதி, எனக்குப் பதில் சொல்ல வழி இருக்காது. ஆக, நான் வளர்த்த பெண்ணின் நிச்சயத்தில் நான் முன்னால் நடப்பதா, கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நிற்பதா என்பது கத்தாரில் பதினோரு பேர் எப்படி ஆடுகிறார்கள் என்பதில் வந்து நின்றது. அவர்களை நம்பிப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது என்பது ஃபுட்பால் தெரிந்த எனக்கு நன்றாகவே தெரியும்.

ரெண்டாவது மேட்ச் உஸ்பெகிஸ்தானோடு, பொங்கல் முடிந்த பிறகு. என்னை வீட்டிலேயே இருக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். எர்ணாவூரில் இருக்கிற என் தங்கச்சியைப் போய்ப் பார்த்து ரொம்ப நாள் ஆயிற்று என்று கொழுந்தனுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. என் மேல் அவ்வளவு பாசம். நானும் போனேன். திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன, பஸ் நகரவில்லை. முன்னால் ஒரு லாரியின் பின்பக்கம், பக்கவாட்டில் இன்னொரு லாரி. இந்த இடுக்கில் உட்கார்ந்திருந்தபோதே உஸ்பெகிஸ்தான் முதல் கோலைப் போட்டுவிட்டது. நான் தங்கச்சி வீட்டுப் படி ஏறுவதற்குள் ரெண்டாவது. மொத்தம் மூன்று.

எனக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்தது. நான் பார்க்காமலே மூன்று வாங்கியிருக்கிறார்கள், இனி யார் என்னை என்ன சொல்ல முடியும்? மறுநாள் தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கொழுந்தன் வாசலிலேயே விசாரணைக்கு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, போன்ல பாத்தியா?"

"மேட்ச் பாக்கல. ஸ்கோரு மட்டும் பாத்தேன்."

"எப்ப?"

"பஸ்லயே. எடுத்து பாக்கறேன், மொத கோலு போட்டுட்டான்னு வந்துச்சு."

"தோ!" என்று அவன் தொடையில் தட்டினான். முனைக்கடைக்காரர் தலையை ஆட்டினார். "ஸ்கோரு பாத்தாலும் பாத்தாப்ல தான் நைனா" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

லாரி ஓட்டிக்கொண்டே நாள் பூராவும் போனில் ஸ்கோர் பார்க்கிறவன் அவன். அவன் பார்த்தால் கணக்கில்லை. பாத்ரூமில் நின்றுகொண்டிருந்த பையன்கூடப் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றிருந்தான். அதையும் கேட்டேன். கொழுந்தன் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தான்.

மூன்றாவது மேட்ச் சிரியாவோடு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம். இதில் ஜெயித்தால், அந்தக் குரூப்பில் இவன் தோற்று இந்தக் குரூப்பில் அவன் டிரா செய்து என்று ஏதேதோ நடந்தால், இந்தியா அடுத்த சுற்றுக்குப் போக ஒரு வழி இருக்கிறது என்று சந்தில் எல்லாரும் கணக்குப் போட்டார்கள். எனக்கு என் கணக்கு. இந்த முறை என் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காவலுக்கு ஓரகத்தியையே கூட அனுப்பினார்கள். இந்தியா ஜெயித்தால் என் கதை முடிந்தது. நான் ஒதுங்கியதால்தான் ஜெயித்தது என்று சாகிறவரைக்கும் சொல்வார்கள். நிச்சயம், கல்யாணம், வளைகாப்பு, எல்லாவற்றுக்கும் என்னை எர்ணாவூருக்கு அனுப்புவார்கள். தோற்றால் நான் தப்பித்தேன். ஆனால் ரைட் பேக் ஆடியவள் சொந்த நாடு தோற்க வேண்டும் என்று எப்படி வேண்டுவாள்? போகிற வழியில் கோயில் வாசலில் நின்று சிலுவை போட்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல் எதுவும் கேட்காமல் வந்துவிட்டேன்.

நாங்கள் ரெண்டு பேரும் மீன் வாங்குகிற சாக்கில் காசிமேட்டுக்குப் போனோம். நான் அங்கே ஒரு ஐஸ் கம்பெனியில் காலை ஷிஃப்டில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கிறேன், எல்லாருக்கும் என்னைத் தெரியும். ஓரகத்தி வவ்வால் மீன் வாங்கினாள். கால் வலிக்கிறது, டீ குடிக்கலாம் என்றாள். மார்க்கெட் ரோட்டில் எப்போதும் குடிக்கிற டீக்கடைக்குப் போனால், உள்ளே கூட்டம். போட்டில் போகிறவர்கள், வலை பின்னுகிறவர்கள், ஐஸ் வண்டிக்காரர்கள், எல்லார் முகமும் மேலே ஒரே பக்கம். டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயோ, வாக்கா போய்டலாம்," என்றாள்.

"டீ சொல்லியாச்சு. நான் பாக்கல, போ," என்று டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எதிரில் அவள். அவளுக்கு டிவி நேர் எதிரே. அவள் என்னைக் காவல் காக்க வேண்டும், என்னைப் பார்த்தால் தலைக்கு மேல் டிவியும் தெரியும்.

கொஞ்ச நேரம் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக, "ஒருத்தன் மட்டும் வேற கலர் சட்ட போட்டுகினு தனியா நிக்கறாங்க்கா. பாவம், யாரும் அவன ஆட்டத்துல சேத்துக்கல," என்றாள்.

"அவன் தான் கீப்பரு."

"அப்படியா?" கொஞ்ச நேரம் கழித்து, "நம்மாளு ஒருத்தன் நல்லா ஓடிப்போயி கிட்டக்க நின்னான், விசிலு ஊதி நிறுத்திட்டாங்க. ஓடுனது தப்பா?"

"ஆஃப்சைடு."

ஆஃப்சைடு என்றால் என்னவென்று கேட்டாள். மேசையில் ரெண்டு டீ கிளாஸையும் வவ்வால் இருந்த பையையும் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் வீட்டு ஹாலில் ஒருத்தனுக்கும் ஏறாத விஷயம் அவளுக்கு ஒரு தடவையிலேயே ஏறிவிட்டது. அடுத்த தடவை ஊதியபோது, பக்கத்து மேசை ஆள் எகிறி எகிறித் திட்ட, "ஆஃப்சைடுண்ணா, சும்மா குந்து" என்று இவள் சொன்னாள். அவன் குந்திவிட்டான்.

முதல் பாதி முடிந்தது, கோல் இல்லை. இன்னொரு டீ சொன்னாள். வீட்டுக்குப் போகலாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ரெண்டாம் பாதியில் அவள் என்னை மறந்தே போனாள். "ஓட்றா! அட பேஜாரு புடிச்சவனே, அவன் கால்லயே குடுக்கறியே! பின்னாடி பாரு, பின்னாடி!" என்று இரைந்தாள். எனக்கு முதுகெல்லாம் அரிக்கிற மாதிரி இருந்தது. ஒரே ஒரு தடவை திரும்பினால் என்ன என்று தோன்றியது. திரும்பவில்லை. என் பெண்ணின் தட்டு அது. எதிரில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழு மேட்சையும் அந்த முகத்தில்தான் பார்த்தேன்.

இந்தியா விடாமல் மோதியது. கடை முழுக்க எழுந்து நின்றது போலச் சத்தம். ஓரகத்தியும் சேரைத் தள்ளிவிட்டு எழுந்தாள். எழுந்தவள் முகம் அப்படியே செத்தது. கடையில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது.

சிரியா கோல்.

எனக்கு முதலில் வந்தது ஒரு பெரிய நிம்மதி, மறைக்க மாட்டேன். உடனே, அடப்பாவிகளா, ஒரு மேட்சாவது டிரா பண்ணக்கூடாதா என்று அழுகை முட்டியது. ரெண்டும் ஒரே சமயத்தில் வந்ததால் டீயைக் கொட்டிவிட்டேன்.

பக்கத்து மேசைக்காரன் ஓரகத்தியைப் பார்த்தான். "இன்னாக்கா நீ, குந்தினு இருந்த வரைக்கும் நல்லா தானே போய்கினு இருந்துச்சு? எதுக்கு எழுந்த?"

"நானா?"

"பின்ன? நீ எழுந்த, கோலு வுழுந்துச்சு. எல்லாரும் பாத்துகினு தானே இருந்தோம்."

"ஆமாக்கா," என்றான் இன்னொருத்தன். "ராசி இல்லாத கைய கால வெச்சிகினு சும்மா குந்தியிருக்கக்கூடாதா?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தாலி, மெட்டி, தலை நிறையப் பூவோடு நின்றவளை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கே உருட்டப் பாத்திரம் இல்லை, அதனால் வார்த்தையே வந்துவிட்டது.

"டேய், கோல் போஸ்ட்ல இவளா நின்னுகினு இருந்தா? கத்தார்ல ஒருத்தன் ஆள வுட்டான்னா காசிமேட்ல டீ குடிக்கறவ பொறுப்பா? நாளைக்கு ஐஸ் டோக்கனுக்கு எங்கிட்ட தானே வருவ, வா, உன் ராசி எப்படின்னு பாக்கறேன்."

அவன் கிளாஸைப் பார்த்துக்கொண்டான். மீதி மேட்சையும் நான் டிவிக்கு முதுகைக் காட்டியே முடித்தேன். இந்தியா கடைசிவரை ஒரு கோலும் போடவில்லை.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அவள் மீன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே வந்தாள். சந்து முனைக்கு வந்ததும் நின்றாள். "அவன் சொன்னப்போ எப்படி இருந்துச்சு தெரியுமாக்கா?" என்றாள்.

"தெரியும்," என்றேன்.

ஹாலில் எல்லாரும் எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். பாத்ரூம் பையன்கூட வெளியே வந்திருந்தான். நாங்கள் நுழைந்ததும் கொழுந்தன் பெண்டாட்டியைக் கேட்டான்: "உண்மைய சொல்லு. அண்ணி எங்கனா டிவி பக்கம் திரும்புனாங்களா?"

அவள் மீன் பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா திரும்பவே இல்ல. நான் தான் பாத்தேன். ஆரம்பத்துலேந்து கடேசி வரைக்கும் பாத்தேன். நான் எழுந்து நின்னப்போ தான் கோலு வுழுந்துச்சு, காசிமேடே சொல்லுது. இப்ப இன்னா பண்ணப் போற? என்ன மண்டபத்துக்கு வெளிய நிக்க வெச்சுட்டு உன் பொண்ணுக்கு மோதிரம் மாத்துவியா?"

"நீ பொண்ண பெத்த அம்மாடி, உனக்கு இன்னா... அது வேற," என்றான்.

"இன்னா வேற? சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு, இன்னா வேற?"

யாரும் சொல்லவில்லை. முனைக்கடைக்காரர் வெளியே இருந்த காலையும் எடுத்துக்கொண்டு கடையைப் பார்க்கப் போனார். ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். கொழுந்தன் நீல சேரை விட்டு எழுந்து, அதைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டி என் பக்கம் நகர்த்தினான். நான் உட்கார்ந்தேன். டிவியில் அந்தக் கோலைத் திரும்பக் காட்டினார்கள். நம் ஆள் ஒருத்தன் பந்தையே பார்த்துக்கொண்டு நின்று ஆளை விட்டுவிட்டான். ரைட் பேக் ஆடின எவளும் செய்யாத தப்பு.

கிச்சனில் ஓரகத்தி மீனைக் கழுவ ஆரம்பித்திருந்தாள். குழாய்ச் சத்தத்துக்கு மேல் அவள் குரல் வந்தது.

"அக்கா, மொத தட்டு ரொம்ப கனமா கீது. தேங்கா, பழம், பொடவ எல்லாம் ஒண்ணா வெச்சிட்டேன். ரெண்டு கையாலயும் நல்லா புடிச்சிக்க."

"சரி," என்றேன். கண்ணிலிருந்து வழிகிறதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கொழுந்தன் அதைப் பார்த்துவிட்டான். பக்கத்தில் வந்து, மனசு உருகி, என் தோளைத் தட்டினான்.

"வுடு அண்ணி, அழாத. அடுத்த தபா நம்ம பசங்க கண்டிப்பா ஒரு கோலாவது போடுவானுங்க."